பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆராய்ச்சியும் சித்தியார் அளவையும்

கே.கே. நகரில் எம் இல்லம் அமைந்த அடுக்ககத்தின் மேன்மாடத்தே, சனிக்கிழமை தோறும் மாலையில், அன்பர் பதின்மர் அளவிற் கூடிச் சிவஞான சித்தியார் பாடங் கேட்டு வருகின்றனர். பாடஞ் சொல்லும் பொறுப்பு எம்பாலது. தமிழாசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றபின் எமக்கு வாய்த்த பேறு இதுவெனக் கருதி நடத்தி வருகின்றேம். அளவையியல் பாடம் முடிந்த நாளன்று, பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணவியொருவர் எழுந்து, “ஐயா, மணிவாசகப் பெருமான் ஒன்பதாம் நூற்றாண்டினர் என்று எங்கள் வகுப்பிற் கூறுகின்றார்கள். மறைமலையடிகளோ மூன்றாம் நூற்றாண்டு என்று எழுதியிருக்கின்றார்கள். தாங்களும் சென்ற வாரம் சமயகுரவர் நால்வருள் அவரே முற்பட்டவர் என்று சொன்னீர்கள். இன்று படித்த அளவைகளைக் கொண்டு இதனைத் தீர்த்துக்கொள்ள இயலுமா?” என்று வினாவினார்.

யாம் விடை கூறுமுன்னரே, முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், “பேராசிரியர்களுக்கு வேறு வேலை இல்லையம்மா, அருளாளர்க்குக் காலம் ஏது?” என்றார். எல்லோரும் நகைத்தனர். யாமும் நகைத்தேம். அப்பெண் மட்டும் நகைத்திலர். புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு தலை கவிழ்ந்திருந்தார். அந்நகை எமக்கு அன்றிரவு உறக்கத்தைத் தந்திலது. அளவை நூலைப் பாடஞ் சொல்லி முடித்த வாய் ஆறுமுன்னரே, அளவை கொண்டு வினாவிய மாணவியை நகைத்தடக்குதல் ஆசிரியர்க்குத் தகுமோ? அவ்வினாவிற்கு யாம் தேடிய விடையே இக்கட்டுரையென்க.

இதனினும் பழையதொரு பிழையும் எம்பால் உண்டு. இளமையில் யாம் ஒரு திருமடத்துப் பாடசாலையில் உணவும் உடையும் பெற்றுப் பயின்றேம். அக்காலத்துக் குருபூசை விழாவொன்றிற் சொற்போர் நிகழ்ந்தது. அதில் யாம் எழுந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கிய ச. வையாபுரிப் பிள்ளையவர்களைக் கடுஞ்சொற்களாற் சாடி, பரிசில் ஓரிணை வேட்டி பெற்றேம். அவர்தம் நூல்களில் ஒரு பக்கத்தையேனும் யாம் அன்று படித்திலேம் என்பதே உண்மை. பூர்வபக்கத்தை உள்ளவாறு கூறிய பின்னரே மறுத்தல் வேண்டும் என்பது பரபக்கம் வகுத்த அருணந்தி சிவாசாரியர் நமக்குக் காட்டிய நெறி. உலகாயதன் கூற்றையும் அவனே வந்து நின்று கூறினாற்போல எடுத்தோதி, அதன் பின்னரன்றோ அவர் மறுக்கின்றார்? உலகாயதனுக்குக் கிடைத்த அந்நீதி, தமிழுக்கு உழைத்த ஒரு சைவப் பிள்ளைக்கு எம்மாற் கிடைத்திலது.

ஆகலின், நகைத்த குறை தீர, பல்கலைக்கழகப் பேராசிரியர் சிலர் செய்த ஆராய்ச்சியைப் பயிலத் தொடங்கினேம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. தொடக்கத்தில் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்குங் கழகமாகவே இருந்தது. தனக்கென ஆராய்ச்சித் துறைகளை வகுத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரே யாகும். அதன் தமிழ்ப்பணிகளுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது தமிழ்ப் பேரகராதி. அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த சாந்துலர் என்னும் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1913-இல் தொடங்கிய அப்பணி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, பின்னர் அநுபந்தமும் பெற்று முற்றியது. ஆறு தொகுதிகளில் உள்ள சொற்கள் 1,04,405, அநுபந்தத்தில் 13,357. மு. இராகவையங்கார் போன்ற பெரும்புலவர்கள் தலைமைப் பண்டிதராயிருந்து அதற்கு உழைத்தனர். வையாபுரிப் பிள்ளையவர்கள் 1926-இற் பதிப்பாசிரியராய் அமர்ந்து அதனை நிறைவுசெய்தார்.

சைவர் இவ்வகராதியைக் கையாளும்போது ஒன்றனை நோக்குதல் வேண்டும். நம் சாத்திரச் சொற்கள் அதன்கண் சைவம் என்னுங் குறியீட்டுடன், சித்தியார், சிவப்பிரகாசம், மாபாடியம் முதலிய நூல்களின் இடஞ்சுட்டித் தரப்பட்டுள்ளன. ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவான் அதற்கு ஆட்சி காட்டுதல் வேண்டும் என்னும் உறுதி அங்கே காணப்படுகின்றது. யாம் பயின்ற காலத்தில், ‘ஆசிரியர் சொன்னார்’ என்பதே எமக்கு ஆட்சி. அது குறைவு என்று யாம் கூறவில்லை. ஆயினும் ஆசிரியர் எந்நூலில் எவ்விடத்தைக் கருதிச் சொன்னார் என்று கேட்கும் வழக்கம் எம்மிடத்து இல்லாமற் போயிற்று. நாற்பது ஆண்டு யாம் பாடஞ் சொல்லிவந்த சில சொற்பொருள்கள், எந்நூலினும் இடம் பெறாது எம் நாவில் மட்டுமே வாழ்ந்து வந்தன என்பதைப் பேரகராதியைப் புரட்டியபின் அறிந்து நாணினேம்.

வையாபுரிப் பிள்ளையவர்கள் தொழிலால் முன்னர் வழக்கறிஞர். திருவனந்தபுரத்தும் திருநெல்வேலியிலும் வழக்காடியவர். அவ்வியல்பு அவர்தம் ஆராய்ச்சியில் என்றும் மாறாது நின்றது என்று யாம் கருதுகின்றேம். ஏட்டுச்சுவடி ஒவ்வொன்றும் அவர்க்கு ஒரு சாட்சி. சாட்சி நேரிற் கண்டதைக் கூறுகின்றானா, பிறர் சொல்லக் கேட்டதைக் கூறுகின்றானா, இரண்டு சாட்சிகள் ஒருவன் கற்பித்ததையே ஒப்பிக்கின்றனரா என்று நோக்குவார். ஓர் ஏட்டினின்று பெயர்த்தெழுதிய மூன்று ஏடுகள் உளவாயின், அவை மூன்று சாட்சிகள் ஆகா. ஒன்றே யாகும் என்னும் நுட்பத்தை யாம் அவர்தம் பதிப்புரைகளை வாசித்தே உணர்ந்தேம். அவர் பதிப்பித்த புறத்திரட்டைப் பாருங்கள். முத்தொள்ளாயிரம், தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை, குண்டலகேசி, வளையாபதி என்னும் இறந்துபட்ட நூல்களின் செய்யுட்கள் பல அத்தொகையின் வழியே நமக்குக் கிடைத்தன. அவருடைய காலமுடிபுகளைக் கொள்ளாதாரும் அவர் தந்த அச்செய்யுட்களைத் தள்ளார்.

இவ்விடத்தே ஒரு செய்தியை அன்பர்கள் சிந்திக்க வேண்டுகின்றேம். பத்துப்பாட்டினையும் எட்டுத்தொகையினையும் புலவர் வரிசையில் அடக்கி, ‘சங்க இலக்கியம்’ என்னும் பெயரால் ஒரே பதிப்பாக 1940-இல் வெளியிட்டது யார்? சைவ சித்தாந்த மகா சமாஜமே. அதன் பதிப்பாசிரியர் யார்? வையாபுரிப் பிள்ளையவர்களே. 2,381 பாடல்கள், பெயர் தெரிந்த புலவர் 473 பேர், ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்கள் 102 என்று இன்று யாவரும் எடுத்துக் கூறுங் கணக்கு அப்பதிப்பினின்று வழங்குவதே. அவர் காலக்கணிப்புகளால் மனம் வருந்திய சைவர் அன்றும் பலர் இருந்தனர். இருந்தும், பதிப்புத் தொழிலில் அவர்க்குள்ள வன்மையை அறிந்து சமாஜத்தார் அவரிடமே அப்பணியை ஒப்படைத்தனர். கருத்து வேறு, தொழிலாற்றல் வேறு என்று பிரித்தறிந்த அம்முன்னோர், வேட்டிக்காகச் சொற்போர் செய்த எம்மினும் பெரியர் என்பதில் ஐயமில்லை.

இனி மாணவியின் வினாவிற்கு வருவாம்.

அளவைகள் பத்தெனக் கூறி, அவை யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்பது சித்தியார் துணிபு. பத்தினுள் ஐதிகம் என்பது ஒன்று. ‘இம்மரத்திற் பேய் உறைகின்றது’ என்று தொன்றுதொட்டு ஊரார் கூறி வருதலை அதற்கு உதாரணமாகக் காட்டுவர். நால்வருள் மணிவாசகரே முற்பட்டவர் என்று யாம் அவ்வகுப்பிற் கூறியது எவ்வளவையின்பாற் படும்? யாம் கண்டதில்லை; ஏதுக் காட்டி நிறுவியதுமில்லை; திருவாசகமோ திருக்கோவையாரோ தம் நூற்றாண்டு இன்னதென்று ஓதவுமில்லை. ஆதலின் அது வெறும் ஐதிகமே. உரையளவையின் தனிச்சிறப்பு, காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாத பொருளை உணர்த்துதலில் உள்ளது. அருளாளர் எந்தப் பாண்டியன் காலத்தவர் என்பது கருதலுக்கு எட்டுவதொரு பொருள். கருதலால் ஆராயத்தக்கதனை உரையின் பெயராற் காத்துக்கொள்ள முயல்வது உரைக்கும் பெருமை தருவதன்று.

கருதலுக்கு ஏது வேண்டும். இயல்பு, காரியம், அநுபலத்தி என ஏது மூவகைப்படும் என்று படித்தோம் அன்றோ? புகை கண்டு நெருப்புண்மை கருதுதல் காரிய ஏது. குளிர் இல்லாமை கண்டு பனி இல்லையென்று கருதுதல் அநுபலத்தி. மணிவாசகர் காலத்தைப் பற்றிப் பேராசிரியர்கள் காட்டுஞ் சான்றுகளை இவ்வரிசையில் வைத்து நோக்குவாம்.

திருக்கோவையாரில் இரண்டிடத்து வரகுணன் என்னும் பாண்டியன் பெயர் வருகின்றது. இது காரிய ஏதுவாம், என்னை? அரசன் ஒருவன் இருந்து புகழ்பெற்றமையின் காரியமே புலவர் வாக்கில் அவன் பெயர் இடம் பெறுதல். வரகுணன் எக்காலத்தவன்? பழனிக்கு அணித்தான ஐவர்மலையில் ஒரு கல்வெட்டு உளது. அது சகாப்தம் 792-ஐயும் வரகுணனது எட்டாம் ஆட்சியாண்டினையும் ஒருங்கு கூறுகின்றது. சகாப்தத்தோடு 78-ஐக் கூட்டக் கிறிஸ்து ஆண்டு 870 ஆகும். எட்டாம் ஆண்டு 870 ஆயின் அவன் முடிசூடியது 862-ஐ ஒட்டியாதல் வேண்டும். இவ்வொரு கல்லைப் பற்றிக்கொண்டே பாண்டியர் வரலாற்றில் முன்னும் பின்னும் உள்ள அரசர் பலருடைய காலத்தை அறிஞர் கணித்தனர். பாண்டிய நாட்டு வரலாற்றை 1929-இல் நூலாக வெளியிட்ட பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து செய்த பணி இத்தகையது. அக்கல்வெட்டுச் சமணர்க்கு உரியது. பார்சுவநாதர் திருவுருவைப் புதுக்கியதைச் சொல்வது. நம் மணிவாசகர் காலத்திற்கு ஒரு சமணக் கற்சான்று துணைநிற்பதைக் காண, திருவருள் யாரைக்கொண்டு எதனைக் காட்டும் என்பது அறிதற்கு அரிது.

வரகுணன் என்னும் பெயருடைய பாண்டியர் இருவர் உளர். முன்னவன் எட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவன். இருவருள் எவனைக் கொள்ளினும், மூன்றாம் நூற்றாண்டினின்று வெகுதூரம் வந்துவிடுகின்றோம். அற்றேல், அவர்க்கு முன்னும் ஒரு வரகுணன் இருந்திருத்தல் கூடாதோ எனின், கூடும். ஆனால் ‘கூடும்’ என்பது ஏதுவன்று. இருந்தான் என்பதற்கு ஒரு கல்லோ செப்பேடோ பழம்பாட்டோ காட்டுதல் வேண்டும். காட்டும் வரை, காணப்பட்ட வரகுணனை விட்டுக் காணப்படாத வரகுணனைக் கொள்ளுதல் அளவை நெறியன்று.

மற்றொரு சான்று அநுபலத்தி. சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய திருத்தொண்டத்தொகையில் மணிவாசகர் பெயர் இல்லை. ஆகவே அவர் சுந்தரர்க்குப் பிற்பட்டவர் என்பர். இவ்விடத்தே யாம் பேராசிரியர்களோடு சற்று மாறுபடுகின்றேம். அநுபலத்தி ஏதுவாதற்கு ஒரு வரையறை உண்டு. இருந்தாற் காணப்பட்டே தீர வேண்டிய பொருள் காணப்படாதபோதுதான் அதன் இன்மை துணியப்படும். பட்டப்பகலிற் பரந்த முற்றத்தில் யானை காணப்படவில்லையேல் யானை இல்லை. இருளடைந்த அறையில் ஊசி காணப்படவில்லை என்பதனால் ஊசி இல்லையென்று துணிதல் ஆகாது. சுந்தரர் தமக்கு முற்பட்ட அடியார் அனைவரையும் ஒருவர் விடாது பாடுவதாக எங்கே கூறினார்? அத்தொகையிலுள்ள பொய்யடிமையில்லாத புலவர் என்னும் தொகையடியாருள் மணிவாசகரும் அடங்குவர் என்பாரும் உளர். அதற்கும் தடை உண்டு. நம்பியாண்டார் நம்பிகள் தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் அவர்களைச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மர் என்று கொண்டார். மணிவாசகரையும் திருக்கோவையாரையும் அறிந்து கோயில் திருப்பண்ணியர் விருத்தத்திற் போற்றிய நம்பிகளே, அவரை அப்புலவருள் வைத்திலர். இதனை எதிர்த்தரப்பினர் எளிதிற் கடத்தல் இயலாது.

ஆக, சுந்தரர் வாய்வாளாமை மட்டும் இருந்தால் யாம் வழக்கைத் தள்ளியிருப்பேம். வரகுணன் என்னும் காரிய ஏது தனித்தே நிற்க வல்லது. வாய்வாளாமை அதற்குத் துணையாகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டு என்னும் முடிபே ஏதுவலி மிக்கதென்று யாம் இப்பொழுது கொள்கின்றேம். மறைமலையடிகள் 1930-இல் வெளியிட்ட ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ என்னும் பெருநூலை யாம் மும்முறை படித்தேம். அதன் உழைப்பும் திருவாசகத்தில் அடிகளுக்கிருந்த ஈடுபாடும் வேறெவரிடத்தும் காண்டற்கரியன. காலமுடிபு ஒன்றில் மட்டும் எம்மால் அவரைப் பின்பற்ற இயலவில்லை. எழுதுங்கால் கை நடுங்குகின்றது. ஆயினும் எழுதாதிருத்தல் முடியவில்லை.

பேராசிரியர் கூறுவன யாவும் கொள்ளத்தக்கனவோ எனின், அன்று. வையாபுரிப் பிள்ளையவர்கள் திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் மிகப் பிற்பட்ட நூற்றாண்டுகளில் வைத்தார். அவர் காட்டிய ஏதுக்களுள் ஒன்று, அந்நூல்களில் உள்ள வடசொற்களின் அளவு. இதனை நம் அளவை நூலார் அநைகாந்திகம் என்பர். அஃதாவது, துணிபொருள் உள்ளவிடத்தும் இல்லாதவிடத்தும் ஒப்பக் காணப்படும் ஏதுப்போலி. வடசொல் மிகுதி காலத்தாலும் வரும், பாடுபொருளாலும் வரும், புலவரது சமயத்தாலும் வரும். அறநூல் பாடுவார்க்கும் அகப்பாட்டுப் பாடுவார்க்கும் சொற்கிடை ஒன்றாகுமா? ஒரே காலத்து இருவர் எழுதிய இரண்டு கட்டுரைகளை எடுத்து வடசொற்களை எண்ணிப் பார்க்கின், இருவரும் முந்நூறாண்டு இடையிட்டு வாழ்ந்தனர் என்று முடித்தல் கூடும். குறளின் காலம் பற்றி அறிஞர் பலர் அவரொடு மாறுபட்டமைக்கு இது தக்க காரணமே.

காலம் செல்லச் செல்லப் புதிய காட்சியும் வந்து கருதலைத் திருத்தும். சேர அரசர் மூவர் தந்தையும் மகனும் பேரனுமாக வரிசைப்படக் கூறப்பெறும் புகலூர்த் தமிழி எழுத்துக் கல்வெட்டு, பதிற்றுப்பத்தின் சேரமரபொடு பொருந்துவதாக அறிஞர் காட்டினர். அதியமான் நெடுமானஞ்சி பெயர் பொறித்த சம்பைக் கல்வெட்டு 1981-இற் கண்டறியப்பட்டது. இவற்றையெல்லாம் முறைப்படுத்தி ஐராவதம் மகாதேவன் 2003-இற் பெருநூல் வெளியிட்டார். சங்கப் பாடல்கள் பிற்காலத்தார் புனைந்தன என்று ஐயுற்றார்க்கு இக்கற்கள் வாயடைப்பு. ஆயின் ஒன்று: சங்கத்தொன்மையை நிலைநாட்டியதும், மேடையில் யாம் பொழிந்த வசை அன்று, கல்லின்மேற் கண்வைத்துப் படித்த ஆராய்ச்சியே. அம்முறையை நமக்கு இனியதாகிய இடத்திற் போற்றி, இன்னாததாகிய இடத்தில் இகழ்தல் நேர்மையாகாது.

இலக்கியத் துறையை விட்டுத் தத்துவத் துறைக்குச் செல்லின், சைவர் அடையும் பயன் இன்னும் மிகுதி. அப்பல்கலைக்கழகத்துத் தத்துவத் துறையில் இருந்த எஸ். எஸ். சூரியநாராயண சாத்திரியார் சீகண்டரது சிவாத்துவிதம் பற்றி 1930-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அவர்க்குப் பின் வந்தோருள் வி. ஏ. தேவசேனாபதியவர்கள் 1960-இல் வெளியிட்ட நூல், சித்தியார் பயில்வார் ஒவ்வொருவரும் அறிய வேண்டுவது. சிவஞான சித்தியார் சுபக்கத்திற்கு மறைஞான தேசிகர், சிவாக்கிரயோகிகள், ஞானப்பிரகாசர், சிவஞான யோகிகள், நிரம்பவழகிய தேசிகர், சுப்பிரமணிய தேசிகர் என்னும் அறுவர் உரை உளது. அவ்வறுவர் உரையையும் ஒருங்கு வைத்துச் சித்தாந்தப் பொருளை ஆராய்வது அந்நூல்.

யாம் மடத்திற் பயின்றபோது சிவஞான முனிவர் உரை ஒன்றே பாடம். ஏனையோர் உரையை, முனிவர் மறுக்கும் இடங்களில் மறுக்கப்படுவதாக மட்டுமே அறிவோம். ஞானப்பிரகாசர் என்றால் சிவசமவாதி. அவர்மேற் சிவசமவாதவுரை மறுப்பு எழுந்தது. அவ்வளவே எம் அறிவு. அவர் தம் உரையில் ஏன் அவ்வாறு கொண்டார், எவ்வாகமத்தை நோக்கிக் கொண்டார் என்று கேட்டோமில்லை. ஆங்கிலம் எமக்குப் போதிய அளவு வாராமையின், அவ்வகுப்பு மாணவியையே அழைத்து, தேவசேனாபதியவர்கள் நூலை வாசித்துப் பொருள் சொல்லுமாறு வேண்டினேம். வாரம் இருநாள் அவர் வந்து வாசித்தார். ஞானப்பிரகாசர் உரையை அவ்வாசிரியர் ஒரு தரப்பாக மதித்து, அவர் பக்கத்து நியாயத்தை நிரம்பக் கூறக் கேட்டபோது, முனிவர் மறுப்பின் கூர்மை எமக்கு முன்னினும் நூறு மடங்கு விளங்கிற்று. எதிரியின் வாள் எத்துணைக் கூரியது என்று தெரிந்தாலன்றோ, அதனைத் தடுத்த கேடயத்தின் அருமை புலப்படும்? சிவஞான முனிவர் உரையையே யாம் இன்றும் பாடஞ் சொல்கின்றேம். எனினும் ஏன் அதனைக் கொள்கின்றேம் என்பதை இப்பொழுதே அறிந்தேம்.

தமிழ்த்துறைக்கு வையாபுரிப் பிள்ளையவர்களுக்குப் பின் தலைமை ஏற்ற ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் 1946-இல் வெளியிட்ட ‘தமிழகம் ஊரும் பேரும்’ பற்றி விரிக்க இடமில்லை. தேவாரத் திருப்பதிகளின் பெயர்களையும் கல்வெட்டுப் பெயர்களையும் ஒப்பவைத்துப் பயில விரும்புவார் அதனை வாங்கிப் படிப்பாராக.

பேராசிரியர்களிடமும் யாம் ஒன்று கூறுதல் வேண்டும். சாத்திர நூல்களை ஆராய்வார் சிலர், உரைமரபு அறியாது மூலத்தை மட்டும் நோக்கி எழுதிவிடுகின்றனர். ‘மலம்’ என்னும் ஒரு சொல் ஓரிடத்து ஆணவத்தையும், வேறிடத்து மும்மலத்தையும் குறிக்கும். எவ்விடத்து எது என்பது உரைகேட்டு உணர்வார்க்கே புலனாகும். திருமடங்களில் ஆசிரியர் அடியிலிருந்து பாடங் கேட்டார் தொகை நாளுக்கு நாள் அருகி வருகின்றது. ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் செல்லும் ஆராய்ச்சியாளர், மூச்சுள்ள இச்சுவடிகளையும் நாடி வருவாராயின் இருபாலார்க்கும் நன்றாம். யாமும் எம்போல்வாரும் அவரை வாயிலில் நிறுத்தி, ‘நீர் எந்தக் கட்சி?’ என்று வினாவாதிருத்தல் வேண்டும்.

இனி, முன்வரிசை முதியவரின் அச்சத்தையும் ஆராய்தல் வேண்டும். அவர் நகைத்தது இகழ்ச்சியாலன்று, அச்சத்தால். ‘பெருமானைப் பின்னே தள்ளினால் திருவாசகத்தின் தெய்வத்தன்மை குன்றுமே’ என்பதே அவர்தம் உள்ளக்கிடக்கை. சிவன் பூங்காவிற் காலையில் உலவும்போது அவர் இதனை எம்மிடம் மனம் விட்டுக் கூறினார். யாம் அவரிடம் கேட்டேம்: “ஐயா, சேக்கிழார் பெருமான் இரண்டாங் குலோத்துங்கன் காலத்தவர், பன்னிரண்டாம் நூற்றாண்டு. திருஞானசம்பந்தர்க்கு அவர் ஐந்நூறு ஆண்டு பிற்பட்டவர். அதனாற் பெரியபுராணம் உங்களுக்குக் குறைந்த நூலா? குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டு. தாயுமானவர் பதினெட்டாம் நூற்றாண்டு. அவர்கள் பாட்டைக் கேட்டு நீங்கள் கண்ணீர் விட்டதை யாமே பார்த்திருக்கின்றேமே.” அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்படியானால் காலம் சொல்வது குற்றமில்லை என்கின்றீரா?” என்றார்.

குற்றமில்லை என்பதற்கு யாம் காட்டிய சான்று நம் சந்தானாசாரியர் வாக்கே. உமாபதி சிவாசாரியர் சங்கற்ப நிராகரணத்தின் பாயிரத்தில், அந்நூல் எழுந்த சகாப்த ஆண்டினை எண்ணாலேயே கூறியுள்ளார். ஏழைந்து முப்பத்தைந்தும் இருநூறும் ஆயிரமும் கூட்ட அது 1235 ஆகும். கிறிஸ்து ஆண்டு 1313. மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் தன் காலத்தைத் தானே ஐயமறக் கூறும் நூல் இது. ஏனைச் சாத்திரங்களின் காலத்தையும் சந்தான குரவர் காலத்தையும் இவ்வாண்டினை நிலைக்களமாகக் கொண்டே அறிஞர் கணக்கிட்டு வருகின்றனர். நித்தியமாகிய பொருளை உரைக்க வந்த ஆசாரியர், தாம் உரைத்த ஆண்டை மறைக்க வேண்டுமென்று எண்ணவில்லை. முதல்வன் காலங்கடந்தவன், உயிர்க்கு மலம் பரிபாகமுற்றுச் சத்திநிபாதம் நிகழ்வதோ ஒரு காலத்தில், ஓர் ஊரில், ஓர் உடம்பில். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் ஆட்கொண்ட அருளுக்கு இடம் உண்டென்று கொள்ளும் நாம், அதற்கு ஆண்டு உண்டென்று கொள்ள ஏன் அஞ்ச வேண்டும்?

முதியவர் அன்று ஒன்றுங் கூறாது வீடு சென்றார். அடுத்த சனிக்கிழமை வகுப்பிற்கு வந்தவர், தம் பையிலிருந்து பழையதொரு சங்கற்ப நிராகரணப் பதிப்பை எடுத்து, பாயிரத்தில் அவ்விடத்தைத் தேடி எடுத்து, அம்மாணவியின் கையிற் கொடுத்து, “நீ கூட்டிப் பார் அம்மா, எனக்கு இந்தக் கணக்கு வரவில்லை” என்றார். அப்பெண் விரல்விட்டு எண்ணிக் கூட்டினார். யாம் நால்வருள் முற்பட்டவர் யார் என்பது பற்றி முன்வாரங் கூறியதனைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவையிற் சொன்னேம். வரும் வாரம் ஏதுப்போலி இருபத்தொன்றையும் மீண்டும் தொடங்குவதாக இருக்கின்றேம். அநைகாந்திகத்திற்கு எடுத்துக்காட்டாக வடசொற் கணக்கினை வைக்கலாமென்று எண்ணம்.